குளமும் வயலும் வீட்டுமனையும்: ஃபஸி காக்னிட்டிவ் மேப் போடும் முறை

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள எந்தப் பாசனக்குளத்தின் கரையில் நின்று பேச்சுக்கொடுத்தாலும் மூன்று முறையீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: குளம் தூர்ந்துவிட்டது, வயல் வீட்டுமனையாகிறது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. இவற்றுள் எது காரணம், எது விளைவு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு முனையிலிருந்து தொடங்குவார்கள். தூர்ந்ததால் தண்ணீர் நிற்கவில்லை, அதனால் நெல்லை விட்டோம் என்பார் ஒருவர்; நெல்லை விட்டதால்தான் குளத்தைக் கவனிக்க நாதியில்லை என்பார் அடுத்தவர். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். காரணமும் விளைவும் ஒன்றையொன்று சுற்றிவரும் இத்தகைய நிலையைப் புள்ளிவிவர அட்டவணை எளிதில் பிடிக்காது. பத்து ஆண்டுக் கணக்கு கைவசம் இருந்தாலும், எது எதை இழுத்தது என்பதை அது தானாகச் சொல்லாது. ஃபஸி காக்னிட்டிவ் மேப் என்னும் முறை இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. ஊராரின் வாய்ச்சொல்லாக இருக்கும் காரண அறிவை அம்புகளாக வரைந்து, ஒவ்வோர் அம்புக்கும் வலிமை கொடுத்து, பின்பு ஒன்றை மாற்றினால் மற்றவை எந்தப் பக்கம் நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை அது.

இதன் வேர்கள் இரண்டு. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டுக்கும் நடுவே ‘ஓரளவு உண்டு’ என்பதற்கும் கணிதத்தில் இடம் உண்டு என்று லோட்ஃபி சாதே 1965-இல் ஃபஸி கணங்களை முன்வைத்தார். முடிவெடுப்போர் மனத்தில் உள்ள காரணத் தொடர்களைப் புள்ளிகளாகவும் அம்புகளாகவும் வரைந்து ஆராயும் முறையை 1976-இல் அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் வெளியிட்டார். அவருடைய அம்புகளுக்குக் கூட்டல், கழித்தல் குறிகள் உண்டு, அளவு கிடையாது. பார்ட் கோஸ்கோ 1986-இல் இரண்டையும் இணைத்து, அம்புக்குப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவையும் கொடுத்தார். தமிழ்நாட்டில் இந்த முறையைச் சமூகச் சிக்கல்களை ஆராயப் பெரிதும் கையாண்டவர் சென்னை ஐஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த டபிள்யூ. பி. வசந்தா கந்தசாமி. எண்ணில் அளந்து வைக்கப்படாத, ஆனால் அனுபவப்பட்டவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயங்களுக்கு இது பொருந்தும் என்பதை அவருடைய நூல்கள் வழியாக அறியலாம்.

வேண்டிய பொருள்கள் சில மட்டுமே: ஒரு பெரிய சார்ட் தாள், படத்தில் இடம்பெறும் கருத்துகளை (குளத்து நீர், நெல் பரப்பு போன்றவற்றை) எழுதி ஒட்டக் காகிதச் சீட்டுகள், பென்சில், எக்செல் உள்ள ஒரு கணினி. மென்டல் மாடலர் என்ற இணையக் கருவியிலும் இதைச் செய்யலாம். ஆயினும் முதல் முறையாகச் செய்பவர் எக்செல்லில் செய்வதே நல்லது என்பது என் கருத்து. கணக்கு கண்முன்னே நடந்தால்தான் அது எங்கே ஏமாற்றும் என்பதும் கண்ணில் படும்.

எல்லையைக் குறிப்பது

முதல் வேலை கேள்வியைச் சுருக்குவது. ‘கன்னியாகுமரி மாவட்ட விவசாயத்தின் எதிர்காலம்’ என்பது வரைபடத்துக்கு ஆகாத தலைப்பு. மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கால்வாய் நீர் சில குளங்களுக்கு வரும், சிலவற்றுக்கு மழையே கதி. குலசேகரம் பக்கம் ரப்பர், தோவாளையில் பூ, நாஞ்சில் நாட்டில் நெல்லும் வாழையும் என்று ஒரே மாவட்டத்துக்குள் தொழிலே மாறிவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு குளத்தையும் அதன் மடைகளில் பாயும் ஆயக்கட்டையும் (பாசனம் பெறும் வயல்பரப்பையும்) எடுத்துக்கொண்டு, ‘இந்த ஆயக்கட்டில் நெல் பரப்பு கூடுவதும் குறைவதும் எதனால்?’ என்று கேட்பதே போதும். எந்தப் பூவைப் பற்றி (நெல் சாகுபடிப் பருவத்தை இங்கே ‘பூ’ என்பார்கள்) பேசுகிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் மாவட்டம் இது. கன்னிப்பூவுக்குத் தண்ணீர் தரும் மழை வேறு, கும்பப்பூவைக் காப்பாற்றும் மழை வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் ‘மழை’ என்ற ஒரு சீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான அம்புகள் கிளம்பும்.

கருத்துகளைத் திரட்டுவது

பாசன சங்கத்தின் தலைவரிடம் மட்டும் கேட்டு வரைந்தால் அது தலைவரின் வரைபடமாகத்தான் இருக்கும். மடை திறக்கிறவர், மறுகாலை (குளம் நிரம்பினால் மிகைநீர் வெளியேறும் வழியை) ஒட்டிப் பள்ளத்தில் வயல் வைத்திருப்பவர், குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர், நடவுக்குப் போகும் பெண்கள், வயலை மனையாக்கி விற்றுவிட்டவர் ஆகிய அனைவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். விற்றுவிட்டவரைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வயல் ஏன் போகிறது என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இல்லை. கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் உரத்துப் பேசுகிறவரின் அம்புகளே மிஞ்சும் என்பதால், முதலில் தனித்தனி வரைபடங்கள், பிறகு கூட்டம் என்ற வரிசையே சரி. புதிய ஆளைக் கேட்டும் புதிய சீட்டு எதுவும் வரவில்லை என்னும் நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

சீட்டில் எழுதும் ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ கூடியதாக இருக்க வேண்டும். ‘குளப் பிரச்சினை’ என்று எழுதக் கூடாது, ‘குளத்து நீர்’ என்று எழுத வேண்டும். ‘தூர்வார வேண்டும்’ என்பது ஆசை, ‘மராமத்து’ என்பதே கருத்து. ‘நீர் இல்லாமை’ போன்ற எதிர்மறைப் பெயர்களைத் தவிர்க்கலாம், ஏனெனில் ‘நீர் இல்லாமை குறைந்தால் நெல் குறைவது குறையும்’ என்ற வகையில் பேச்சு போகும்போது கெட்டிக்காரர்களும் குறியைத் தவறவிடுவார்கள்.

கேள்வியை எப்போதும் ஒரே வடிவில் கேட்பது உதவும்: ‘இது கூடினால் அது கூடுமா, குறையுமா?’ விடை சில நேரம் சீட்டையே பிளக்கும். ‘அண்ணாச்சி, குளம் பெருகினா நெல்லு கூடுமா?’ என்று ஒரு பெரியவரைக் கேட்டால், ‘பெருகினா கூடும். மறுகால் பாஞ்சா கீழ உள்ள வயலு முங்கும்லா?’ என்பார். அவர் சொல்வது ஒரே சீட்டுக்கான இரண்டு குறிகள் அல்ல; இரண்டு சீட்டுகள். பாசனத்துக்குக் கிடைக்கும் நீர் ஒன்று, வெள்ளத்தில் முங்குவது மற்றொன்று. இந்த முறையில் ஓர் அம்புக்கு ஒரு குறிதான் இருக்க முடியும் என்பதால், ‘ஒரு அளவு வரைக்கும் நல்லது, அதற்கு மேல் கெடுதல்’ என்ற விடை வரும்போதெல்லாம் சீட்டைப் பிரித்தாக வேண்டும். கடற்கரை ஊர்களில் தூண்டில் வளைவைப் (கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பைப்) பற்றி வரைபவர்களுக்கும் இதே நிலைமைதான்: வளைவு போட்ட ஊரின் கரை காக்கப்படும், பக்கத்து ஊரின் கரை அரிக்கப்படும். ‘கடற்கரை’ என்று ஒரே சீட்டு வைத்தால் அந்தச் சண்டை வரைபடத்துக்குள் வராமலே போய்விடும்.

நம் எடுத்துக்காட்டுக்கு எட்டுக் கருத்துகள் போதும்: கால்வாய் நீர் (மழையையும் சேர்த்து), குளத்து நீர், தூர் (ஆகாயத் தாமரை முதலிய களையோடு), நெல் பரப்பு, வீட்டுமனை, மராமத்து, கிணற்று நீர், ஆள் பற்றாக்குறை. வாழை இல்லாத நாஞ்சில் நாட்டு வரைபடமா என்று படிப்பவர் கேட்கலாம், கேட்பது நியாயமே. உண்மையான பணியில் வாழைக்கு ஒரு சீட்டு கட்டாயம் வேண்டும். இங்கே கணக்கைக் கையால் தொடர்ந்து வர வசதியாக விட்டிருக்கிறேன். இருபதைத் தாண்டிச் சீட்டுகள் சேர்ந்தால், ஒத்தவற்றை ஒன்றாக்குவது நல்லது.

அம்பும் குறியும்

கூட்டல் குறி நன்மையைக் குறிப்பதன்று. காரணமும் விளைவும் ஒரே திசையில் நகரும் என்பதே அதன் பொருள். வீட்டுமனை கூடினால் தூர் கூடும் என்பது கூட்டல் அம்பு, விளைவு கெடுதலாக இருந்தாலும். கழித்தல் அம்பு எதிர்த்திசையைக் காட்டும். கூட்டத்தில் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் ‘பிளஸ்’ என்றதும் ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு.

நம் எட்டுக் கருத்துகளுக்கு இடையே பத்து அம்புகள். எடைகள், அதாவது அம்புகளின் வலிமை எண்கள், விளக்கத்துக்காக நான் வைத்தவை. எந்தக் குளத்தின் அளவீடும் அல்ல.

கால்வாய் நீர் → குளத்து நீர்: +0.8
தூர் → குளத்து நீர்: −0.6
குளத்து நீர் → நெல் பரப்பு: +0.7
குளத்து நீர் → கிணற்று நீர்: +0.6
வீட்டுமனை → நெல் பரப்பு: −0.7
ஆள் பற்றாக்குறை → நெல் பரப்பு: −0.5
நெல் பரப்பு → வீட்டுமனை: −0.5
நெல் பரப்பு → மராமத்து: +0.6
மராமத்து → தூர்: −0.7
வீட்டுமனை → தூர்: +0.4

ஆள் கிடைக்காததால் வயலை விற்கிறார்கள் என்பது எல்லாரும் சொல்வது. அப்படியிருக்க ஆள் பற்றாக்குறையிலிருந்து வீட்டுமனைக்கு ஏன் அம்பு இல்லை? ஆள் இல்லை, அதனால் நெல் போடவில்லை, போடாத வயல் மனையாகிறது என்ற தொடர் ஏற்கெனவே இரண்டு அம்புகளில் இருக்கிறது. நேரடி அம்பையும் சேர்த்தால் ஒரே காரணத்தை இருமுறை எண்ணியதாகும். பயிர் செய்துகொண்டிருக்கும்போதே ஆள் தேடி அலுத்து விற்றவர்கள் இருந்தால் மட்டும் அந்த நேரடி அம்பைப் போடலாம். ஒவ்வோர் அம்பையும் போடுமுன் ‘இடையில் ஏதேனும் உண்டா?’ என்று கேட்டுக்கொள்வது, என் அனுபவத்தில், தேவையில்லாத அம்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

எடையைக் கேட்டறியும்போது எண்ணைக் கேட்கக் கூடாது. ‘0.6-ஆ, 0.7-ஆ?’ என்ற கேள்விக்கு யாரும் நேர்மையாக விடை சொல்ல முடியாது. ‘கொஞ்சமா, ஓரளவா, நல்லாவா, முழுக்கவா?’ என்று கேட்டு, அவற்றுக்கு முறையே 0.25, 0.5, 0.75, 1 என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டும். பலரின் விடைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 0.6, 0.7 போன்ற எண்கள் கிடைக்கும். சராசரியில் ஒரு பொறி உண்டு: ஒருவர் +0.75 என்றும் மற்றொருவர் −0.75 என்றும் சொன்னால் விடை பூச்சியமாகி, இருவருமே வலிமையானது என்று சொன்ன அம்பு மறைந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கும். குளத்துக்குள் படிந்து கிடக்கும் சேறு கொள்ளளவைக் குறைக்கிறது. அதே சேற்றை வண்டலாக அள்ளி வயலில் போட்டால் உரம். ‘தூர்’ என்று கேட்டால் ஒருவர் முன்னதை நினைப்பார், இன்னொருவர் பின்னதை நினைப்பார். சராசரி எடுப்பதற்கு முன் ஒவ்வோர் அம்பிலும் குறிகள் ஒத்திருக்கின்றனவா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

கணக்குக்கு முன்பே படிப்பது

எண்ணைத் தொடுவதற்கு முன்பே வரைபடம் நிறையச் சொல்லும். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டி நேரே கணினிக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கோ இந்த முறையின் பாதிப் பயன் இங்கேயே இருப்பதாகத் தோன்றுகிறது.

அம்புகளின் வழியே சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் வளையங்களைத் தேடுங்கள். நம் படத்தில் மூன்று உள்ளன. நெல் பரப்பும் வீட்டுமனையும் ஒன்றையொன்று குறைக்கும் சிறு வளையம் ஒன்று. குளத்து நீர், நெல் பரப்பு, மராமத்து, தூர், மீண்டும் குளத்து நீர் என்னும் வளையம் இரண்டாவது. நெல் பரப்பு, வீட்டுமனை, தூர், குளத்து நீர், மீண்டும் நெல் பரப்பு என்பது மூன்றாவது. ஒவ்வொரு வளையத்திலும் கழித்தல் குறிகளை எண்ண வேண்டும். இரட்டைப்படையில் இருந்தால் அது பெருக்கும் வளையம்: ஏற்றம் ஏற்றத்தையே வளர்க்கும், சரிவு சரிவையே வளர்க்கும். ஒற்றைப்படையில் இருந்தால் அது அடக்கும் வளையம்: எந்தப் பக்கம் போனாலும் இழுத்து நிறுத்தும். நம்முடைய மூன்று வளையங்களிலும் இரண்டிரண்டு கழித்தல்கள். மூன்றுமே பெருக்கும் வகை.

இது வரைந்தவரைச் சந்தேகப்பட வைக்க வேண்டும். தடையே இல்லாத அமைப்பு ஊரில் அரிது. அடக்கும் வளையம் ஒன்றுகூட இல்லாத படத்தில் எதையோ கேட்காமல் விட்டிருக்கிறோம் என்றுதான் பொருள். கிணற்று நீரைப் பாருங்கள்: அதற்குள் ஓர் அம்பு வருகிறது, அதிலிருந்து ஒன்றும் புறப்படவில்லை. குளம் வற்றினால் சுற்றிலும் உள்ள வீட்டுக் கிணறுகள் வற்றும். கிணறு வற்றினால் நெல் போடாத வீட்டுக்காரரும் குளத்தைச் சுத்தம் செய்யக் கோரி மனு எழுதுவார். அப்படி நடக்கும் ஊரானால் கிணற்று நீரிலிருந்து மராமத்துக்கு ஒரு கழித்தல் அம்பு போட வேண்டும். உடனே குளத்து நீர், கிணற்று நீர், மராமத்து, தூர், மீண்டும் குளத்து நீர் என்று புதிய வளையம் பிறக்கும்; அதில் மூன்று கழித்தல்கள், எனவே அது அடக்கும் வளையம். வயல் போன பிறகும் குளம் பிழைக்க வழி இருக்கிறதா என்ற கேள்வி இந்த ஓர் அம்பைப் பொறுத்தது. அதைக் கணினி கண்டுபிடித்துத் தராது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மையம் எது என்பதையும் கையாலேயே காணலாம். ஒரு கருத்துக்குள் வரும் எடைகளையும் அதிலிருந்து செல்லும் எடைகளையும் குறியை விட்டுவிட்டுக் கூட்டுங்கள். நெல் பரப்புக்கு உள்ளே 1.9, வெளியே 1.1, ஆக 3.0, குளத்து நீருக்கு 2.7, தூருக்கு 1.7. ஊரின் பேச்சில் தூர்தான் முன்னே நிற்கிறது, படத்திலோ நெல் பரப்பு நடுவே இருக்கிறது.

எக்செல்லில் ஓட்டுவது

எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட அட்டவணை ஒன்றை உண்டாக்குங்கள். வரிசை காரணம், நிரல் விளைவு. 64 கட்டங்களில் பத்தில் மட்டும் எடையை எழுதி, மற்றவற்றில் பூச்சியம் இடுங்கள். அடுத்து ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு தொடக்க நிலையைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே கொடுங்கள். கால்வாய் நீருக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் உள்ளே வரும் அம்பு இல்லை. அவை வெளியிலிருந்து தள்ளுபவை. அவற்றை 0.6, 0.7 என்று நிலையாகப் பிடித்துவைத்து, மற்ற ஆறுக்கும் 0.5 என்று தொடங்கலாம்.

கணக்கு இதுதான்: ஒரு கருத்துக்குள் வரும் ஒவ்வோர் அம்பின் எடையையும் அந்த அம்பு புறப்படும் கருத்தின் தற்போதைய நிலையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எக்செல்லின் சம்ப்ராடக்ட் சூத்திரம் இதைச் செய்யும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டலாம், பூச்சியத்துக்குக் கீழும் போகலாம் என்பதால், அதைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே மடக்கும் சிக்மாய்டு சார்பில் இட வேண்டும்: கூட்டுத்தொகையின் குறியை மாற்றி எக்ஸ்ப் சூத்திரத்தில் போட்டு, அதனுடன் 1 கூட்டி, 1-ஐ அந்த விடையால் வகுக்க வேண்டும்.

குளத்து நீரை எடுத்துக்கொள்வோம். 0.8 × 0.6 = 0.48, −0.6 × 0.5 = −0.30, கூட்டினால் 0.18. சிக்மாய்டில் இட்டால் 0.545. நெல் பரப்புக்கு 0.35 − 0.35 − 0.35 = −0.35, சிக்மாய்டில் 0.413. இப்படி ஆறையும் கணக்கிட்டால் ஒரு சுற்று முடியும். அந்த விடைகளையே அடுத்த சுற்றின் தொடக்கமாக வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்தாறு சுற்றுகளில் எண்கள் அசையாமல் நின்றுவிடும்: குளத்து நீர் 0.55, தூர் 0.45, நெல் பரப்பு 0.43, வீட்டுமனை 0.45, மராமத்து 0.56, கிணற்று நீர் 0.58. இதுவே அடிநிலை. சில படங்களில் எண்கள் நிற்காமல் ஒரே வரிசையில் மாறி மாறிச் சுழன்றுகொண்டிருக்கும். அதுவும் ஒரு விடைதான், ஊசலாடும் அமைப்பு என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள். சுற்று என்பது மாதமோ ஆண்டோ அல்ல. நடவுக்கு ஆள் வராதது ஒரே பூவில் தெரியும், தூர் சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும், ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே சுற்றில் நடக்கின்றன. மேலும், உள்ளே அம்பே வராத கருத்தைப் பிடித்துவைக்காமல் விட்டால், கூட்டுத்தொகை பூச்சியமாகி, சிக்மாய்டு அதற்குத் தானாக 0.5 கொடுத்துவிடும். ஆள் பற்றாக்குறையை 0.7 என்று தொடங்கியவர் இரண்டாம் சுற்றில் அது 0.5 ஆனதைக் கவனிக்காமல் முடிவுகளை எழுதிக்கொண்டிருப்பார்.

மாற்றிப் பார்ப்பது

இப்போது கேள்விகளைக் கேட்கலாம். மூன்று வழிகளை ஒப்பிடுவோம். முதலாவது, மராமத்தை 1 என்று பிடித்துவைப்பது: அதாவது யார் செலவிலோ குளம் முழுமையாகத் தூர்வாரிப் பேணப்படுகிறது. இரண்டாவது, வீட்டுமனையைப் பூச்சியமாகப் பிடித்துவைப்பது. மூன்றாவது, ஆள் பற்றாக்குறையை 0.7-இலிருந்து 0.2-க்கு இறக்குவது: நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வேளைக்குக் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

நெல் பரப்பு அடிநிலையில் 0.432. மராமத்தை முழுமையாக்கினால் தூர் 0.45-இலிருந்து 0.37-க்கு இறங்குகிறது, நெல் பரப்போ 0.434-தான், அசையவில்லை என்றே சொல்லலாம். வீட்டுமனையை நிறுத்தினால் 0.510. ஆள் பற்றாக்குறையை இறக்கினால் 0.495.

தூர்வாருவது வீண் என்று இதிலிருந்து அறிக்கை எழுதத் தோன்றும். பொறுக்க வேண்டும், ஏனெனில் இந்த விடையில் ஒரு பங்கு ஊருடையது, ஒரு பங்கு சூத்திரத்துடையது. சிக்மாய்டு சார்பு மிகச் செங்குத்தாக இருக்கும் நடுப்பகுதியிலும் அதன் சரிவு (உள்ளே போகும் அசைவில் வெளியே வரும் பங்கு) நான்கில் ஒன்றுதான். எந்த அசைவும் ஓர் அம்பைக் கடக்கும்போது எடையால் குறைவதோடு நான்கில் ஒன்றாகவும் சுருங்குகிறது. மராமத்திலிருந்து நெல்லுக்குத் தூர், குளத்து நீர் வழியாக மூன்று அம்புகள். வீட்டுமனையிலிருந்து ஒரே அம்பு. நீளமான தொடர்கள் இந்தக் கணக்கில் எப்போதுமே மெலிந்துதான் தெரியும்.

ஆகவே சரிவை மாற்றி மறுபடியும் ஓட்ட வேண்டும். கூட்டுத்தொகையைச் சிக்மாய்டில் இடுவதற்கு முன் 4-ஆல் பெருக்கினால் நடுச்சரிவு 1 ஆகிவிடும். அப்போது அடிநிலையே வேறாகிறது: தூர் 0.45 என்று இருந்தது 0.14 ஆகிறது, நெல் பரப்பு 0.56 ஆகிறது. ஊரில் எதுவும் மாறவில்லை, சூத்திரத்தின் ஓர் எண் மாறியது, அவ்வளவே. ‘நெல் பரப்பு 43 சதவீதம்’ என்று இந்த எண்களைப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புதிய அடிநிலையிலிருந்து மூன்று வழிகளையும் சோதித்தால் நெல் பரப்பு முறையே 0.575, 0.726, 0.818 ஆகிறது. முன்பு வீட்டுமனை வழி முதலிடத்தில் இருந்தது. இப்போது ஆள் பற்றாக்குறை வழி முந்திவிட்டது. மராமத்து இரண்டிலும் கடைசி.

முதலிரண்டும் ஏன் இடம் மாறின? புதிய அடிநிலையில் வீட்டுமனை 0.25-தான்; அதைப் பூச்சியமாக்குவது 0.25 அளவுத் தள்ளல். ஆள் பற்றாக்குறையை நாம் 0.5 தள்ளினோம். சமமில்லாத தள்ளல்களின் விளைவுகளை நேராக ஒப்பிடக் கூடாது. நெல் பரப்பில் ஏற்பட்ட மாற்றத்தைத் தள்ளலின் அளவால் வகுத்துப் பாருங்கள்: முதல் சரிவில் வீட்டுமனைக்கு 0.18, ஆள் பற்றாக்குறைக்கு 0.13, மராமத்துக்கு 0.004, இரண்டாம் சரிவில் 0.68, 0.52, 0.08. வரிசை இரண்டிலும் ஒன்றே. இப்படி வகுத்துப் பார்த்த பிறகுதான், இந்தப் படத்தின்படி மராமத்து மட்டும் நெல்லைத் திருப்பிக்கொண்டுவராது என்று ஓரளவு துணிந்து சொல்ல முடிகிறது. வீட்டுமனையா, ஆள் பற்றாக்குறையா என்ற போட்டியில் இடைவெளி குறைவு. எடைகளில் ஒன்றிரண்டை 0.2 அளவுக்கு ஏற்றியும் இறக்கியும் ஓட்டி, அப்போதும் வரிசை நிலைக்கிறதா என்று பார்க்காமல் அதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டு வழிகளைச் சேர்த்தும் சோதிக்க வேண்டும். பெருக்கும் வளையங்கள் உள்ள அமைப்பில் இரண்டு சிறு தள்ளல்கள் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட மிகுதியாகவோ குறைவாகவோ நகர்த்தக்கூடும்; எது நடக்கிறது என்பதை எக்செல் ஒரு நொடியில் காட்டிவிடும்.

படத்தைத் திரும்பக் கொண்டுசெல்வது

ஓட்டி முடித்ததும் எண்களை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், அம்புகளைக் கொண்டுபோங்கள். 0.434 என்று சொன்னால் நம்பிக்கையோடு தலையாட்டிவிடுவார்கள், அதனால் பயனில்லை. ‘தூர்வாரினால் தண்ணீர் கூடும், ஆனால் நட ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் கூடியும் நெல் கூடாது என்று நீங்கள் சொன்னதிலிருந்து வருகிறது, சரிதானா?’ என்று கேட்டால் மறுப்பு வரும். ‘தண்ணி உறுதின்னா வாழை வைப்போம், விக்க மாட்டோம்’ என்று ஒருவர் சொன்னால், விட்டுப்போன வாழைச் சீட்டு அங்கேயே படத்துக்குள் வந்துவிடும். குளத்து நீரிலிருந்து அதற்கு ஒரு கூட்டல் அம்பு, அதிலிருந்து வீட்டுமனைக்கு ஒரு கழித்தல் அம்பு. அதே வாழையிலிருந்து நெல் பரப்புக்கும் ஒரு கழித்தல் அம்பு செல்லுமா என்று கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். இரு தரப்பும் சொல்வதைத் தனித்தனித் தாளில் வரைந்து, இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து, விடை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தாளிலும் எந்தக் குளம், எந்தப் பூ, யார் யாரைக் கேட்டோம் (பெயர் வேண்டாம், தொழில் போதும்), சரிவு எண் என்ன, பிடித்துவைத்த கருத்துகள் எவை என்பனவற்றைக் கீழே எழுதிவையுங்கள். இவை இல்லாமல் அடுத்த ஆண்டு யாராலும், உங்களாலும்கூட, அந்தத் தாளை மறுபடி ஓட்ட முடியாது.